கரும்புக்காடும் கேன் மூடியும்: கரீபியன் பேஸ்பால் ஊர்களில் ஐந்து நாள்

நாள் 1, டிசம்பர் 27: சான்டோ டொமிங்கோ

அமெரிக்காவில் ஹிஸ்பானிக் மரபு மாதம் செப்டம்பர் 15ல் தொடங்கி அக்டோபர் 15ல் முடிகிறது. அதன் முதல் நாளே, போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த பேஸ்பால் வீரர் ஒருவரின் நினைவாக, ரொபெர்ட்டோ கிளெமென்டே நாள். அமெரிக்காவின் உயர்மட்டத் தொழில்முறை பேஸ்பாலான பெரிய லீக்கில் பலர் அன்று அவருடைய 21ஆம் எண் சட்டையோடு களமிறங்குவார்கள். அந்த மாதம் முடிகிற வாக்கில்தான் டொமினிக்கன் குடியரசில் குளிர்கால லீக் ஆரம்பிக்கிறது. லத்தீன் அமெரிக்கர்கள் பேஸ்பாலுக்கு என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் வர வேண்டிய பருவம் இதுதான். அமெரிக்காவில் பார்ப்பது விளைச்சலை. இங்கே வந்தால் வயலையே பார்க்கலாம்.

கிளம்பும் முன் இ-டிக்கெட் என்ற நுழைவுப் படிவத்தை அரசு இணையதளத்தில் நிரப்பிவிடுங்கள். அது இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல. வரும்போதும் திரும்பும்போதும் கியூஆர் குறியீட்டைக் கேட்பார்கள், ஆகவே செல்பேசியில் படமாக எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பேருந்துக்கும் சாலையோரச் சாப்பாட்டுக்கும் உள்ளூர் பெசோ நோட்டுதான் செல்லும், அதிலும் சில்லறையாக இருந்தால் நல்லது.

லீக்கில் ஆறு அணிகள். வழக்கமான சீசனில் அணிக்கு 50 ஆட்டம். டிசம்பர் கடைசியில் முதல் நான்கு அணிகள் மட்டும் சுற்றுமுறையில் மோதும். ஜனவரியில் இறுதிப்போட்டி, பிப்ரவரியில் வென்ற அணிக்குக் கரீபியன் தொடர். வெளியூரிலிருந்து வருபவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்: டிசம்பர் கடைசியில் வந்து, வெளியேறிவிட்ட அணியின் ஊரில் அறை போட்டுவிடுவார்கள், மைதானம் பூட்டிக் கிடக்கும். தலைநகரில் இந்த ஆபத்து குறைவு. கிஸ்கேயா மைதானம் லிசே, எஸ்கொஹீடோ என்ற இரண்டு அணிகளுக்கும் சொந்த மைதானம். நீலம் லிசே, சிவப்பு எஸ்கொஹீடோ. இரண்டும் மோதும் நாளில் ஒரே குடும்பத்தில் இரண்டு நிறச் சட்டையும் இருக்கும். அன்றைக்கு மட்டும் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும்.

மட்டைக்காரர் நிற்கும் ஹோமிலிருந்து பார்க்க இடப்பக்க மூலைதான் மூன்றாம் பேஸ். அந்தப் பக்கம் இருக்கை கேளுங்கள். வலக்கை பிட்சர் எறிய ஆயத்தமாகும்போது மூன்றாம் பேஸைப் பார்த்துத்தான் நிற்பார். கால் எழுவதும், கை பின்னால் போய் மறைவதும், பந்து வெளிப்படும் நொடியும் அந்தப் பக்கத்திலிருந்து முழுசாகத் தெரியும். கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு கணக்கு: பந்து புறப்படும் மேட்டிலிருந்து மட்டைக்காரர் நிற்கும் இடத்துக்கு 18.44 மீட்டர், கிரிக்கெட் பிட்ச் 20.12 மீட்டர். பந்து தரையில் படாமல் வருவதால் எல்லாச் சூழ்ச்சியும் காற்றிலேயே முடிந்துவிட வேண்டும்.

மைதானத்தின் பெயரில் ஹுவான் மரிச்சாலின் பெயரும் உண்டு. நாட்டின் வடமேற்கு மூலையில் லகுனா வெர்டே கிராமத்தில் பிறந்த பிட்சர். பெரிய லீக்கில் 243 வெற்றி. 1983ல் பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான புகழவைக்குத் தேர்வான முதல் டொமினிக்கர். இடது காலைத் தலைக்கு மேல் தூக்கி எறிவார். மட்டைக்காரர் கண்ணுக்கு முதலில் படுவது ஷூவின் அடிப்பாகம், பந்து அதற்குப் பின்னாலிருந்துதான் வரும். வேகப்பந்தும் வளைபந்தும் ஒரே காலசைவில் வருவதால், எது என்று தெரிவதற்குள் பந்து பாதி வழி வந்திருக்கும். 1963 ஜூலை 2 அன்று எதிரணிப் பிட்சர் வாரன் ஸ்பானுக்கு எதிராக, வழக்கமான ஒன்பதைத் தாண்டி 16 இன்னிங்ஸ் எறிந்தார், மொத்தம் 227 பந்து. இன்று ஒரு பிட்சர் நூறைத் தாண்டினாலே பயிற்சியாளர் எழுந்து நிற்பார். அவருடைய அணிக்காரர் வில்லி மேஸ் வேலிக்கு வெளியே அடித்த ஹோம் ரன்னில் 1-0 என்று ஆட்டம் முடிந்தது.

அமெரிக்கப் படைவீரர்கள்தான் இங்கே பேஸ்பாலைக் கொண்டுவந்தார்கள் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். அமெரிக்கப் படை இந்த நாட்டைப் பிடித்தது 1916ல். லிசே கிளப் தொடங்கியது 1907ல். கொண்டுவந்தவர்கள் கியூபாக்காரர்கள். 1864ல் அலபாமாவில் படித்துவிட்டு ஹவானா திரும்பிய நெமெசியோ கில்யோவின் பெட்டியில் ஒரு மட்டையும் பந்தும் இருந்தன. 1868ல் ஸ்பெயினுக்கு எதிரான பத்தாண்டுப் போர் மூண்டதும் கியூபாக்காரர்கள் பலர் இங்கே தஞ்சம் வந்தார்கள். சர்க்கரை ஆலைகளைக் கட்டினார்கள், கூடவே பேஸ்பாலையும் விதைத்தார்கள். அமெரிக்காவின் தொழில்முறை அணியிலும் 1871லேயே எஸ்டெபான் பெய்யான் என்ற ஹவானாக்காரர் ஆடியிருக்கிறார்.

நாள் 2, டிசம்பர் 28: ஹைனா, பிறகு தெருவில்

தலைநகருக்கு மேற்கே ஹைனா. துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, லாரிகள். சுற்றிப்பார்க்க அதிகமில்லை, அரை நாள் போதும். பெரிய லீக்கில் ஆடிய அலூ சகோதரர்கள் மூவரின் ஊர் என்பதற்காகத்தான் போக வேண்டும்.

ஃபெலிப்பே, மத்தேயோ, ஹெசூஸ் மூவரும் 1963 செப்டம்பர் 15 அன்று ஜயன்ட்ஸ் அணிக்காக ஒரே நேரத்தில் களத்தின் வெளிப்பகுதியான அவுட்ஃபீல்டின் மூன்று இடங்களிலும் நின்றார்கள். ஆட்டம் நடந்தது பிட்ஸ்பர்க்கில், கிளெமென்டே ஆடிய அணியின் சொந்த மைதானத்தில். இன்று கிளெமென்டே நாளாகக் கொண்டாடுவதும் அதே தேதி.

ஆனால் 'அலூ' அவர்களுடைய முதல் குடும்பப்பெயரே அல்ல. ஸ்பானிய வழக்கில் தந்தைவழிப் பெயர் முன்னே, தாய்வழிப் பெயர் பின்னே வரும். ஃபெலிப்பே ரோஹாஸ் அலூ ஊரில் ரோஹாஸ்தான். வடக்கே போனதும் கடைசியில் இருந்ததைக் குடும்பப்பெயர் என்று எழுதிக்கொண்டார்கள். தம்பிகளுக்கும் அதுவே நிலைத்துவிட்டது. இங்கே யாரிடமாவது அவர்களைப் பற்றிக் கேட்பதானால் ரோஹாஸ் அலூ என்று முழுசாகச் சொல்லுங்கள், முகம் மலரும்.

ஃபெலிப்பே சும்மா இருந்தவர் அல்ல. குளிர்காலத்தில் சொந்த நாட்டில் அனுமதியில்லாத ஆட்டங்களில் ஆடியதற்காகப் பெரிய லீக்கின் ஆணையர் அவருக்கு 250 டாலர் அபராதம் போட்டார். 1963லேயே ஒரு பத்திரிகைக் கட்டுரையில், லத்தீன் ஆட்டக்காரர்களின் மொழியும் வாழ்க்கையும் தெரிந்த ஒருவர் ஆணையர் அலுவலகத்தில் வேண்டும் என்று கேட்டார். எல்லா அணிகளும் முழுநேர ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர்களை வைத்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது 2016ல். நடுவில் 53 ஆண்டு. ஃபெலிப்பே 1992ல் மான்ட்ரியால் அணிக்கு மேலாளராகி, பெரிய லீக்கின் முதல் டொமினிக்க மேலாளர் ஆனார்.

பிற்பகலில் தலைநகரின் எந்தக் குடியிருப்புத் தெருவுக்குள்ளும் நடந்து பாருங்கள், பிட்டியா ஆட்டம் கண்ணில் படும். இருபது லிட்டர் தண்ணீர் கேனின் பிளாஸ்டிக் மூடிதான் பந்து, விளக்குமாற்றுக் கட்டைதான் மட்டை. பக்கத்துக்கு மூன்று நான்கு பேர் இருந்தால் போதும், கையுறை வேண்டாம். விதிகள் தெருவுக்குத் தெரு மாறும். மூடி பட்டு ஜன்னல் உடையாது என்பதால் ஜன்னல்காரர்களும் திட்டுவதில்லை.

மூடியை எறிவதைக் கிட்டப்போய்க் கவனியுங்கள். விளிம்பில் ஆள்காட்டி விரல், மேலும் கீழும் கட்டைவிரலும் நடுவிரலும். மணிக்கட்டைச் சுண்டி விடுவார்கள். மூடி சுழன்றுகொண்டே நேராக வருவதுபோல வந்து, வேகம் தேயும் கடைசி இரண்டடியில் சட்டென்று ஒரு பக்கம் சாயும். வலுவாக எறிந்தால் சாய்வு குறையும், எதிர்க்காற்றில் மேலெழும். கட்டையின் தடிமன் இரண்டு விரல். இதை அடித்துப் பழகிய கண்ணுக்கு 7 சென்டிமீட்டருக்கும் மேல் விட்டமுள்ள நிஜப் பந்து பெரிசாகத் தெரிவதில் வியப்பில்லை. கடைசி வரை பார்த்துவிட்டு மட்டையை வேகமாகத் திருப்புகிற, கோட்டுக்கு வெளியே போகிற பந்தையும் துரத்தி அடிக்கிற டொமினிக்கப் பாணியில் இந்த மூடிக்கும் பங்கு உண்டு. தரையைத் தொட வரும் பந்தைக்கூட வெளுத்துக் கட்டியவர் விளாடிமிர் கெரேரோ. 2018ல் அவரும் புகழவைக்குப் போனார்.

நாள் 3, டிசம்பர் 29: போகா சீகா

என்ரிக்கியோ பூங்கா அருகிலிருந்து கிழக்கே போகும் குவாகுவா என்ற சிற்றுந்து எடுக்கலாம். நடத்துநர் கத்தும் ஊர்ப்பெயரை உறுதிசெய்துகொண்டு ஏறுங்கள். விமான நிலையம் தாண்டியதும் போகா சீகா. கடற்கரைக்காகச் சிலர் வருகிறார்கள். பேஸ்பால்காரர்கள் வருவது சுற்றுவட்டாரத்து அகாதெமிகள் என்ற பயிற்சிக்கூடங்களுக்காக. பெரிய லீக்கின் 30 அணிகளுக்கும் இந்த நாட்டில் அகாதெமி உண்டு. டாட்ஜர்ஸ் அணியின் காம்போ லாஸ் பால்மாஸ் 1987ல் திறந்தது, மற்ற அணிகள் பலவும் அதைப் பார்த்துக் கட்டின. முன்அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். டிசம்பர் கடைசியில் பெரும்பாலானவை விடுமுறையில் இருக்கும். வாசலில் நின்று கெஞ்சிப் பயனில்லை.

பொது மைதானத்துக்குப் போங்கள். இங்கே மைதானத்துக்குப் பெயரே 'ப்ளே'. காலை எட்டு மணிக்குள் பையன்கள் வந்துவிடுவார்கள், வெயில் ஏறினால் கலைந்துவிடுவார்கள். இவர்களைத் தேடிப்பிடித்துப் பயிற்சி தருபவருக்கு புஸ்கோன் என்று பெயர். சாப்பாடு, மட்டை, ஷூ, சில நேரம் தங்குமிடமும் அவர் பொறுப்பு. பையன் ஒப்பந்தமானால் முன்பணத்தில் ஒரு பங்கு அவருக்கு. 16 வயதில் ஒப்பந்தம் போடலாம், கையெழுத்துக் காலம் இப்போது ஜனவரி 15ல் திறக்கிறது. ஆகவே இந்த வாரங்களில் மைதானத்தில் ஒரு இறுக்கம் இருக்கும்.

சோதனை இப்படி நடக்கும். முதலில் 60 கெஜ ஓட்டம், அதாவது 55 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 6.8 வினாடிக்குள் முடித்தால், அணிக்கு ஆள் தேடி வந்திருக்கும் ஸ்காவுட் பேனாவை எடுப்பார். பிறகு எறிதல்: அவுட்ஃபீல்டர்கள் வலது மூலையிலிருந்து மூன்றாம் பேஸுக்கும் ஹோமுக்கும் எறிய வேண்டும். மட்டைக்காரருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சருக்குக் கணக்கு வேறு. பந்து அவர் கையுறையில் விழுந்த சத்தத்திலிருந்து இரண்டாம் பேஸில் நிற்பவரின் கையுறையில் விழும் சத்தம் வரை 2.0 வினாடி இருந்தால் பெரிய லீக்கில் சராசரி. அடுத்து மட்டைப் பயிற்சி, கடைசியில் ஒரு நிஜ ஆட்டம். ஒவ்வொரு திறமைக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண், 50 என்றால் பெரிய லீக் சராசரி.

எங்கே தவறுகிறது? ஸ்டாப்வாட்சைக் கையால் அமுக்குவதால் ஆளுக்கு ஆள் நேரம் மாறும். முதல் அசைவில் அமுக்குபவரும் முதல் அடி வைத்தபின் அமுக்குபவரும் ஒரே ஓட்டத்துக்கு இரண்டு நேரம் எழுதுவார்கள். இது சின்னத் தவறு. பெரிய தவறு வேறு. ஒப்பந்த வயது 16 என்றால் வாய்வழிப் பேச்சு 13, 14லேயே முடிந்துவிடுகிறது. பள்ளிக்கூடம் அப்போதே விட்டுப்போகிறது. வயது குறைவாக இருந்தால் விலை கூடும் என்பதால் பிறப்புச் சான்றிதழைத் திருத்தும் வழக்கம் ஒரு காலத்தில் பரவியது, அதனால் விசாரணைகள் கடுமையாயின. ஒப்பந்தமானவர்களிலும் பெரும்பாலோர் பெரிய லீக்கைப் பார்க்காமலேயே இருபதை ஒட்டிய வயதில் விடுவிக்கப்படுகிறார்கள். அமெரிக்க சீசனின் தொடக்க நாளில் நூறு டொமினிக்கர்கள் வாக்கில் அணிப்பட்டியலில் இருப்பதைக் கொண்டாடும்போது, திரும்பி வந்து மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டுகிற அந்தப் பெரும்பான்மையையும் நினைக்க வேண்டும். இன்று அகாதெமிகளில் ஆங்கிலமும் பள்ளிப்பாடமும் சொல்லித்தருகிறார்கள். அது நல்ல மாற்றம், இன்னும் போதாது.

கடற்கரையில் யானிகேகே வாங்கிச் சாப்பிடுங்கள். மாவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, அப்பளம்போல மெல்லியதாகப் பெரிசாகத் தேய்த்து, எண்ணெயில் பொரித்தது. சூடாக வாங்குங்கள், ஆறினால் தோல்போல இழுக்கும். 'ஜானிகேக்' என்ற ஆங்கிலச் சொல்தான் இப்படி ஆனது என்கிறார்கள். ஸ்பானிய ஊரில் ஆங்கிலப் பலகாரம் எப்படி வந்தது என்ற கேள்வியோடு நாளைக்குக் கிழக்கே போகலாம்.

நாள் 4, டிசம்பர் 30: சான் பெட்ரோ டே மக்கோரிஸ்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சான் பெட்ரோவைச் சுற்றி ஆலைகள் எழுந்தன: போர்வெனீர், கொன்சுவேலோ, சாந்தா ஃபே, அங்கெலினா, கிறிஸ்டோபல் கொலோன். கரும்பு வெட்டவும் இயந்திரம் பார்க்கவும் ஆள் வேண்டும். ஆங்கிலேயர் ஆண்ட செயின்ட் கிட்ஸ், நெவிஸ், அங்குவில்லா, டொர்டோலா போன்ற தீவுகளிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்கள் வந்தார்கள். ஊர் அவர்களைக் கொக்கோலோ என்று அழைத்தது, அன்று ஏளனமாக. அவர்களோடு வந்தவை ஆங்கிலம், புராட்டஸ்டண்ட் தேவாலயம், ஜானிகேக், கிரிக்கெட்.

ஆம், கிரிக்கெட். ஆலைக்கு ஆலை அணி வைத்து ஆடினார்கள். ஒழுங்காக அணி அமைப்பது, ஆலைகளுக்குள் போட்டி வைப்பது, ஞாயிற்றுக்கிழமையை ஆட்டத்துக்கு ஒதுக்குவது எல்லாம் அப்போதே வேரூன்றின. அவர்களுடைய பிள்ளைகள் ஸ்பானிஷ் பேசி வளர்ந்தார்கள், சுற்றிலும் பேஸ்பால், மட்டை மாறியது. ஆட்டக்காரர்களின் பெயர்ப்பட்டியலில் இந்த வரலாறு அப்படியே இருக்கிறது: கார்ட்டி, பெல், சாமுவேல், டங்கன். ஸ்பானியப் பெயர்கள் அல்ல இவை.

ரிக்கோ கார்ட்டி 1970ல் .366 என்ற சராசரியோடு பெரிய லீக்கின் மட்டை வீச்சில் முதலிடம். ஜார்ஜ் பெல் 1987ல் 47 ஹோம் ரன் அடித்து, மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதைப் பெற்ற முதல் டொமினிக்கர். டோனி ஃபெர்னாண்டஸ் 1986 முதல் 1989 வரை தொடர்ந்து நான்கு தங்கக் கையுறை, அதாவது சிறந்த தடுப்பாளர் விருது. சாமி சோசா 1998ல் 66 ஹோம் ரன். ஷார்ட்ஸ்டாப்களின், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் தடுப்பாளர்களின் ஊர் என்று இதற்கு இன்னொரு பெயர். காரணத்தைத் தரையில் தேடலாம். ஆலைக் குடியிருப்பு மைதானங்களில் புல் கிடையாது, கல்லும் கட்டாந்தரையும்தான். உருண்டு வரும் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று தெரியாது. கையுறையை நம்பி நின்றால் பல் போகும், கால்தான் முதலில் நகர வேண்டும். பால் அட்டைப்பெட்டியை மடித்துக் கையுறையாக்கிய தலைமுறை அது. மென்மையான கை வேண்டும், இல்லையென்றால் பந்து தெறித்துவிடும்.

கொன்சுவேலோவுக்கு நகரிலிருந்து குவாகுவா உண்டு, அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். இருபுறமும் கரும்பு. சஃப்ரா என்ற அறுவடைக் காலம் ஏறத்தாழ டிசம்பரில் தொடங்கி ஆண்டின் நடு வரை நீளும். அதற்குப் பிறகு வருவதற்கு 'செத்த காலம்' என்று பெயர். கூலியும் இல்லை, வேலையும் இல்லை. அந்த மாதங்களில்தான் ஆலை ஆட்கள் நாள்முழுக்க ஆடினார்கள். பேஸ்பாலை வறுமையிலிருந்து தப்பும் ஏணி என்று மட்டும் எழுதுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். ஒப்பந்தம் கொடுக்க யாரும் வராத காலத்திலேயே இங்கே ஆட்டம் நடந்தது, ஆலையின் மானத்துக்காக நடந்தது.

அந்த மானம் ஒரு முறை அரசியலாகவும் ஆனது. 1936ல் சான் பெட்ரோவின் எஸ்ட்ரெயாஸ் அணி நாட்டின் கோப்பையை வென்றது. தலைநகருக்குத் தன் பெயரையே சூட்டிக்கொண்டிருந்த சர்வாதிகாரி த்ருஹீயோவின் பெயர் தாங்கிய அணி அடுத்த ஆண்டு சாட்செல் பேஜ், ஜோஷ் கிப்சன், கூல் பாப்பா பெல் ஆகியோரை அமெரிக்காவின் கறுப்பின லீக்கிலிருந்து கொட்டிக் கொடுத்துக் கூட்டிவந்து வென்றது. செலவில் கிளப்புகள் முறிந்தன. 1951 வரை நாட்டில் தொழில்முறை பேஸ்பாலே இல்லை.

மாலையில் டெடெலோ வர்காஸ் மைதானம். சான் பெட்ரோவுக்குள் நுழையும்போதே தெரியும். பச்சைச் சட்டைக்காரர்கள் எஸ்ட்ரெயாஸ் ரசிகர்கள். டெடெலோ 1953ல் தன் 47 வயதில் டொமினிக்க லீக்கின் மட்டை வீச்சில் முதலிடம் பிடித்தவர். அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு இருந்த நிறத்தடை நீங்கியபோது அவருக்கு வயது கடந்துவிட்டது, பெரிய லீக் அவரைப் பார்க்கவே இல்லை. எஸ்ட்ரெயாஸ் 1968ல் வென்றபின் அடுத்த கோப்பைக்கு 2019 வரை காத்திருந்தது. பெரிய லீக்குக்கு இத்தனை பேரைக் கொடுத்த ஊர் 51 ஆண்டு தன் சொந்தக் கோப்பைக்காகக் காத்திருந்தது. இரவு ஆட்டம் முடிந்தபின் தலைநகர் திரும்பும் பேருந்தை நம்ப வேண்டாம், இங்கேயே தங்குங்கள்.

நாள் 5, டிசம்பர் 31: சான் ஹுவான், போர்ட்டோ ரிக்கோ

விமானத்தில் ஒரு மணி நேரம் வாக்கில். கடிகாரத்தை மாற்ற வேண்டாம், இரண்டும் ஒரே நேரம். ஆனால் போர்ட்டோ ரிக்கோ அமெரிக்க ஆட்சிப்பகுதி, அமெரிக்க விசா இல்லாமல் ஏற விடமாட்டார்கள்.

காலையில் எஸ்கம்ப்ரோன் கடற்கரையை ஒட்டிய சிக்ஸ்டோ எஸ்கோபார் மைதானம். 1954-55 குளிர்காலத்தில் சாந்துர்சே என்ற உள்ளூர் அணியின் அவுட்ஃபீல்டில் வில்லி மேஸும் இருபது வயதுக் கிளெமென்டேயும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அந்த அணி கரீபியன் தொடரையும் வென்றது. பிற்பகலில் ஹிராம் பிதோர்ன் மைதானம். 1942ல் பெரிய லீக்கில் ஆடிய முதல் போர்ட்டோ ரிக்கர் பெயரில் உள்ளது, பிளாசா லாஸ் அமெரிக்காஸ் அங்காடிக்கு அருகில்.

டொமினிக்கன் குடியரசில் நான்கு நாள் சுற்றியவர்களுக்கு இங்கே ஒரு வித்தியாசம் தெரியும்: பெரிய லீக் அணிகளின் அகாதெமிகள் இல்லை, புஸ்கோன்கள் இல்லை. 1990 முதல் போர்ட்டோ ரிக்கப் பையன்கள் அமெரிக்கப் பையன்களைப் போலவே, அணிகள் முறைவைத்து ஆளைத் தேர்ந்தெடுக்கும் வருடாந்தரத் தேர்வுக்குள் வர வேண்டும். பள்ளியை முடிக்க வேண்டும் என்பதால் படிப்புக்கு நல்லது. ஆனால் தான் செலவழித்து வளர்த்த பையனை இன்னொரு அணி தேர்ந்தெடுத்துவிடலாம் என்றானதும், அணிகள் இங்கே முதலீடு செய்வதைக் குறைத்துக்கொண்டன. இரண்டு முறைகளிலும் பிள்ளைகளுக்கு இழப்பு இருக்கிறது.

கிளெமென்டே பிறந்தது பக்கத்திலுள்ள கரோலினாவில், 1934 ஆகஸ்ட் 18. நான்கு முறை மட்டை வீச்சில் முதலிடம், 12 தங்கக் கையுறை, 1971 உலகத் தொடரில் மட்டை வீச்சுச் சராசரி .414. பேஸ்பால் அட்டைகளில் அவரைப் 'பாப்' கிளெமென்டே என்று அச்சிட்டார்கள். அவர் ரொபெர்ட்டோ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். 1972 செப்டம்பர் 30ல் 3,000ஆவது ஹிட். இறந்தபின் ஐந்தாண்டுக் காத்திருப்பை விலக்கி 1973லேயே புகழவையில் சேர்த்தார்கள். ஆனால் பட்டயத்தில் ரொபெர்ட்டோ வாக்கர் கிளெமென்டே என்று தாய்வழிப் பெயரை நடுவில் செருகிவிட்டார்கள். ஹைனாச் சகோதரர்களுக்கு நடந்ததைப் போன்ற தவறு. 2000ல்தான் ரொபெர்ட்டோ கிளெமென்டே வாக்கர் என்று திருத்திப் புதுப் பட்டயம் வைத்தார்கள்.

இரவு பின்யோனெஸ் கடற்கரை. 1972 டிசம்பர் 23ல் நிகராகுவாவின் மனாகுவாவில் நிலநடுக்கம். அனுப்பிய பொருட்கள் மக்களுக்குச் சேரவில்லை என்று கேள்விப்பட்டு, தானே கூடப் போனால் தடுக்கமாட்டார்கள் என்று கிளெமென்டே கிளம்பினார். பழைய டிசி-7 சரக்கு விமானம். அந்த மாதமே ஓடுபாதையில் ஒரு விபத்தைச் சந்தித்தது, இன்ஜின்கள் சரியாகப் பரிசோதிக்கப்படவில்லை, அனுமதித்த எடையைவிட 4,000 பவுண்டுக்கும் மேல் பாரம். டிசம்பர் 31 இரவு ஒன்பது இருபது வாக்கில் எழும்பி, சில நிமிடத்தில் இந்தக் கடலில் விழுந்தது. உள்ளே இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள். கிளெமென்டேயின் உடல் கிடைக்கவில்லை.

187ஆம் எண் சாலையோரக் கடைகளில் அல்கபூரியா என்ற பொரித்த பலகாரமும் கருவாட்டு அடையும் விற்பார்கள். கடைகளைத் தாண்டினால் வெளிச்சம் கிடையாது, கையில் டார்ச் வேண்டும். மேற்கே விமான நிலையம். விமானங்கள் தலைக்கு மேலே கடலை நோக்கி ஏறிக்கொண்டே இருக்கும். இந்த இரவில் திரும்பிப் போக டாக்சி கிடைக்காது, வந்த வண்டியையே காத்திருக்கச் சொல்லுங்கள்.